மஞ்சள் தாள் சுற்றிய வெளிச்சம்

அண்ணா, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்திருக்கிறேன். குசினிப் படியில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பேச்சில் சொல்வதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறேனே தவிர, கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இனி 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா, 'தம்பி' என்பது நீங்கள். எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் எழுதுவேன்.

அன்புள்ள தம்பி,

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்கத் தொடங்கினேன்தான். ஒரு தரம் நீ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாய். மற்றத் தரம் அந்தச் சின்னத் திரையில் உன் முகம் மெலிந்து தெரிந்தது. சாப்பாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் கதைத்தால் நான் பாதி சொல்லும்போதே நீ என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதம் என்றால் நீ இடையில் மறித்துக் கதைக்க ஏலாது. ஆறுதலாக இருந்து வாசி. கட்டாரில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளைகளும் படம் திருத்துகிற வேலைதான் செய்கிறார்கள் என்று சொன்னாய். விரும்பினால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. இதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. ஒளித்து வைத்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. டவுனில் அந்தச் சின்ன ஸ்டூடியோவில் நீ சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளிச்சம் போதாத மண்டபங்களில் எடுத்த கலியாணப் படங்களெல்லாம் மணல் தூவியது போல வரும். நீ அவற்றை அந்த ஏ.ஐ. மென்பொருளுக்குள் போடுவாய். சற்று நேரத்தில் மணலெல்லாம் போய், கூறைச் சீலையின் கரையில் ஓடுகிற சரிகை நூல்கூடத் தெரியும். அந்த மணலுக்கு 'நொய்ஸ்' என்று பெயர் என்பதை உன்னிடம்தான் படித்தேன். இருட்டில் கமரா திணறும்போது தானாகவே போட்டுக்கொள்கிற புள்ளிகள் என்று விளங்கப்படுத்தினாய். கதிரையை உனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு படம் தெளிந்து வருவதைக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். அரிசி களைந்து தண்ணீர் தெளிந்து வருவதைப் பார்க்கிற மாதிரி ஒரு சந்தோசம் அதில் இருந்தது.

பாலையூற்றுக் கலியாணம் உனக்கு நினைவிருக்கும். மணமகளின் தாய் கலியாணப் பட அல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அல்பத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இது ஆர்?" என்று கேட்டார். "உங்கட மகள்தான் அன்ரி" என்றாய். "என்ர மகளுக்குச் சின்னனிலை அம்மை வந்து நெத்தியிலை தழும்பு இருக்கு. அதைப் பாத்துக்கொண்டுதான் பெடியன் விரும்பிக் கட்டினவன். நீர் ஆரோ ஒரு பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு வந்து மருமகனுக்குப் பக்கத்திலை நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்." நான் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ காது சிவந்து போய், அன்றைக்கே மூலப் படத்தை எடுத்து, தழும்போடு மறுபடியும் அச்சடித்துக் கொடுத்தாய். அவர் போகும்போது, "இப்பதான் என்ர பிள்ளை" என்று அந்தப் படத்தைத் தடவிவிட்டுப் போனார். அன்றைக்கு மூலப் படம் உன் கையில் இருந்தது தம்பி. அதனால் எல்லாம் சிரிப்போடு முடிந்தது.

நீ பயணம் போவதற்கு முதல் நாள், சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாய். பழைய போனில் நீ எடுத்த துறைமுகப் படம். எங்கள் வீட்டு முன்வாசலில் நின்று, ஓர்ஸ் ஹில் சரிவுக்குக் கீழே தெரிகிற தண்ணீரை எடுத்த படம். அந்தப் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதை நீ கவனித்திருக்கிறாய். மகன் எடுத்த முதல் படம் என்பதால் அம்மாவுக்கு அதில் பிரியம் என்று நினைத்திருக்கிறாய். "இதைப் பெருசாக்கினால் முழுக்க நொய்ஸ் அம்மா. இந்த மென்பொருள் எது உண்மையிலை இருந்தது, எது கமரா போட்ட புள்ளி எண்டு பிரிச்சுப் பாத்து, புள்ளியைத் துடைச்சுப்போடும்" என்றாய். "அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "லட்சக்கணக்கான படம் பாத்துப் படிச்சிருக்கு." "எங்கட துறைமுகத்தைப் பாத்திருக்கோ?" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் என் கண் அப்போதே படத்துக்குள் ஓரிடத்தைத் தேடத் தொடங்கிவிட்டது. வானம் கண்ணாடி போல இருந்தது. நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெரிந்தன. தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் தேடியது அங்கே இல்லை. "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, பால் பொங்கப்போகிறது என்று குசினிக்குள் போனேன். அடுப்பில் பால் இருக்கவில்லை.

நான் தேடியது என்ன என்று இப்போது சொல்லுகிறேன். அப்பா மாலையில் மீன்பிடித் தொழிலுக்குப் போகும்போது, படகு கரையின் அந்த வளைவைத் திரும்பி மறைவதற்கு முன் எழும்பி நின்று டோர்ச்சை எங்கள் வீட்டுப் பக்கம் உயர்த்திப் பிடிப்பார். நான் முன்வாசல் லைற்றை ஒரு தரம் அணைத்து மறுபடியும் போடுவேன். அதற்குப் பிறகுதான் வளைவில் திரும்புவார். கலியாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து இருந்த பழக்கம். உங்கள் இருவருக்கும் அது தெரியாது. தெரிந்தால் கேலி செய்வீர்கள் என்று எனக்கு ஒரு வெட்கம். ஒருநாள் கிண்ணியாவிலிருந்து வருகிற ரஹீம் நானா, அப்பாவோடு ஒரே படகில் தொழில் செய்தவர், வாசலில் நின்று, "தங்கச்சி, நேத்து உங்கட ஆள் டோர்ச்சைத் தூக்க முன்னமே லைற் அடிச்சீங்களே, அது ஆருக்கு?" என்று கேட்டுவிட்டார். எல்லாப் படகிலும் வெள்ளை வெளிச்சம், நான் வேறு யாருடைய படகுக்கோ பதில் சொல்லியிருக்கிறேன். அப்பா அன்றைக்கு முழுவதும் சிரித்தார். பிறகு உன் தங்கை சாப்பிட்ட டொபியின் மஞ்சள் கண்ணாடித்தாளை எடுத்து நீவி, டோர்ச்சின் முகத்தில் சுற்றி நூலால் கட்டினார். "இனி ஆள் மாறாது" என்றார். அன்றிலிருந்து துறைமுகத்தில் ஒரே ஒரு வெளிச்சம் மஞ்சளாக இருந்தது.

(அண்ணா, அப்பாவின் வெளிச்சம் மஞ்சள் என்று மட்டும் அம்மா முன்பு சொல்லியிருந்தார், இந்தக் கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்பா என்னிடம் டொபித் தாள் கேட்டு வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. பூச் செய்யப்போகிறார் என்று நினைத்திருந்தேன்.)

இனி அந்த மாலை. நீ புதுப் போனோடு முன்வாசலில் நின்றாய். அப்பா படகுக்கு ஊற்றுகிற எண்ணெய்க் கானை வைத்துக்கொண்டு, "டேய் தம்பி, இதைத் தூக்கிக்கொண்டு கீழை வா" என்று கூப்பிட்டார். "வாறன் அப்பா, ஒரு நிமிசம்" என்றாய். "உன்ர ஒரு நிமிசத்திலை மீனெல்லாம் கிழடு தட்டிப்போடும்" என்றார். பிறகு தானே தூக்கிக்கொண்டு, "கமராமன் ஐயாவுக்கு இடைஞ்சல் குடுக்காதேங்கோ" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் போனார். ரஹீம் நானாவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று அப்பா தனியாகப் போனார். சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஊர் முழுவதும் இருட்டு. "இருட்டிலை எடுக்கேலுமோ எண்டு பாப்பம்" என்று நீ மதிலில் கையை ஊன்றி, போனை அசையாமல் பிடித்தாய். உனக்குப் பின்னால் நான் நின்றேன். கீழே தண்ணீரில் மஞ்சள் வெளிச்சம் எழும்பியது. நான் லைற்றை அணைத்துப் போட வேண்டும், லைற்றோ எரியவில்லை. ஓடிப் போய் மேசை லாச்சிக்குள் நெருப்புப்பெட்டியைத் தேடினேன். குப்பிவிளக்கைக் கொளுத்திக்கொண்டு வெளியே வரும்போது வெளிச்சம் இன்னும் அப்படியே நின்றது. பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வழமையாக அவ்வளவு நேரம் பிடிக்க மாட்டார். காற்று ஒன்று அடித்து என் கையிலிருந்த விளக்கு அணைந்துபோனது. மறுபடி கொளுத்தும்போது அவர் வளைவைத் திரும்பிவிட்டார்.

மற்றது உனக்குத் தெரியும். அந்தக் காற்று விடியும் வரை நிற்கவில்லை. படகு குச்சவெளிப் பக்கம் கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. உடல் வராத வீட்டில் படத்துக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவருடைய படம் ஒன்றையும் நான் மாட்டவில்லை. நாட்கள் போய், நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் உன் போனை எடுத்துத் தட்டிக்கொண்டு போனபோது அந்தப் படம் வந்தது. கறுப்பும் மணலுமாக, எதுவும் விளங்காத படம். விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். வளைவுக்குக் கொஞ்சம் இப்பால், மணலுக்குள் மணலாக, ஒரு மஞ்சள் புள்ளி. அவர் எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்ற வெளிச்சம். நான் பதில் சொல்லாத வெளிச்சம்.

அதை உனக்கு நான் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. கானைத் தூக்கிக்கொண்டு போகாமல் நின்று எடுத்த படத்தில்தான் அப்பா கடைசியாக இருக்கிறார் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நீ ஏற்கெனவே அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி யாரிடமும் கதைக்காமல் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாய். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால் பேசாமல் விட்டேன். பிறகு சொல்லலாம், வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தப் புள்ளி என்னவென்று எனக்கு மட்டும் தெரிந்திருந்ததால், உனக்கும் உன் மென்பொருளுக்கும் அது அழிக்க வேண்டிய அழுக்காக இருந்தது. உன்னில் பிழை இல்லை. இப்போது சொல்லுகிறேன், கேள்: நீ கானைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் அப்பா கடலுக்குப் போயிருப்பார். காற்றும் அடித்திருக்கும். நீ போயிருந்தால் இந்தப் படம் மட்டும்தான் இல்லாமல் போயிருக்கும்.

(இந்த இடத்தில் அம்மா எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நானும்.)

நீ கட்டாருக்குப் போய்க் கொஞ்ச நாள் கழித்து என்னால் தாங்க ஏலாமல் போனில் கேட்டுவிட்டேன். "தம்பி, அப்பாவின்ர வெளிச்சம் எங்கை?" "என்ன வெளிச்சம் அம்மா?" "தண்ணியிலை நிண்டது. சின்னப் புள்ளி." நீ யோசித்துவிட்டு, "அது நொய்ஸ் அம்மா" என்றாய். "இல்லையடா, அது அப்பா" என்றேன். மூலப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றாய். பழைய போனைப் புதுப் போனுக்காகக் கடையில் கொடுத்துவிட்டாய், துப்புரவாக்கிய படத்தை அதே பெயரில் மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டாய் என்பதெல்லாம் உன் தங்கை கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தெரிய வந்தது.

பிறகு நீ இரண்டாவது படத்தை அனுப்பினாய். "அம்மா, கிடைச்சிட்டுது. லப்டொப்பிலை பழைய பைல் ஒண்டு கிடந்தது. வெளிச்சம் இருக்கு, பாருங்கோ." வளைவுக்கு இப்பால் ஒரு வெளிச்சம் இருந்தது. தண்ணீரில் அதன் பிம்பம்கூட நீளமாக விழுந்திருந்தது. நான் அழுதேன் தம்பி. அன்றைக்குப் பகல் முழுவதும் சந்தோசமாக இருந்தேன். அண்டை அயலுக்கெல்லாம் காட்டினேன். டவுனில் கொடுத்து அச்சடித்தும் வைத்தேன். மாலையில் ரஹீம் நானா வந்தார். அப்பா போனதற்குப் பிறகு அவர் இந்த வீட்டில் வந்து இருந்தால் வாசலுக்குக் கிட்டவுள்ள கதிரையில்தான் இருப்பார், உள்ளே வர மாட்டார். படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தங்கச்சி, இது வெள்ளையா எரியிதே. அவன்ட மஞ்சளெல்லோ." சொன்னவுடனேயே அவர் முகம் மாறிவிட்டது. "வயசு போன கண், எனக்கென்ன தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேணும்" என்று தேத்தண்ணீரும் குடிக்காமல் எழும்பிப் போனார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானே கண்டிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அந்த வெளிச்சம் அழகாக இருந்தது. அப்பாவுடையது அழகாக இருக்கவில்லை. மங்கல் மஞ்சள், அதுவும் ஒரு பக்கம் சரிந்து இருக்கும்.

மென்பொருள்தான் நிறத்தை மாற்றியிருக்குமோ என்று உன் தங்கையிடம் கேட்டேன். அவள் எங்கெல்லாமோ வாசித்துப் பார்த்து, இருட்டுப் படத்தில் நிறமாகத் தெரிகிற சின்னப் புள்ளிகளைத்தான் இந்த மென்பொருள்கள் முதலில் துடைக்குமாம் என்றாள். அப்படியும் இருக்கலாம். நீயே கையால் வைத்ததாகவும் இருக்கலாம். அம்மா அழக்கூடாது என்று வைத்திருப்பாய். அதில் எனக்குக் கோபம் இல்லை. நான் உன்னிடம் மறைத்ததும் நீ அழக்கூடாது என்றுதான். தாயும் பிள்ளையும் ஒரே மாதிரித்தான் இருக்கிறோம்.

ஆனால் தம்பி, எனக்கு உண்மை வேண்டும். அந்தப் படம் கிடைத்ததா, செய்ததா என்று எழுது. உண்மையான மூலம் எங்காவது இருந்தால், மணலோடும் அழுக்கோடும் அப்படியே அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று சொல்லு. இந்தக் கடிதத்தில் நிறத்தைச் சொல்லிவிட்டேன், இடத்தைச் சொல்லிவிட்டேன், சரிவையும் சொல்லிவிட்டேன். இனி நீ நினைத்தால், நானும் ரஹீம் நானாவும் சேர்ந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க ஏலாத ஒரு மஞ்சள் புள்ளியை ஒரு நொடியில் வைத்து அனுப்பலாம். சொல்லாமல் விட்டிருந்தால் உன்னைச் சோதிக்க என்னிடம் ஒரு வழி இருந்திருக்கும். அது வேண்டாம் என்றுதான் சொன்னேன். உன் சொல் எனக்குப் போதும். நீ கிடைத்தது என்றால் கிடைத்தது, இல்லை என்றால் இல்லை.

உன் வேலைக்கும் ஒன்று சொல்லுகிறேன், அந்தப் பிள்ளைகளும் கேட்கட்டும். உங்களிடம் படம் கொண்டுவருகிறவர்கள் ஏன் அதை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சிலருக்குச் சொல்லத் தெரியாது, சிலர் என்னைப் போல வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். அதனால் என்ன செய்தாலும் மூலத்தைத் தனியே வைத்துவிட்டுச் செய்யுங்கள். அந்த மென்பொருள் எத்தனை லட்சம் படத்தைப் பார்த்திருந்தாலும், அப்பா அன்றைக்கு அங்கே நின்றதை அது பார்க்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே போன் எடுக்காதே, ஒருநாள் கழித்து எடு.

இப்படிக்கு,
உன் அம்மா

(அண்ணா, எழுதி முடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பகல் முழுவதும் சந்தோசமாக இருந்தேன் என்ற வரியை மட்டும் வெட்டச் சொன்னார். "அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு பொய்யையே சொல்லிப்போடுவான்" என்றார். உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று சொன்னதால் நான் வெட்டவில்லை. அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சரி, இருக்கட்டும் என்றார்.

இன்னொன்று. சுவரில் இப்போது நீங்கள் முதலில் தந்த படம்தான் இருக்கிறது, வெளிச்சம் இல்லாதது. இரண்டாவதை அம்மா அலுமாரிக்குள் வைத்துவிட்டார். போன கிழமை சுவர்ப் படத்தின் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். வளைவுக்குக் கொஞ்சம் இப்பால், ஓரிடத்தில் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கலாகியிருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் துடைத்தேன்.

அப்பா போனதிலிருந்து அம்மா பொழுதுபடும்போது முன்வாசல் லைற்றைப் போட்டுவிட்டால், படுக்கப் போகும் வரை அதைத் தொட விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அணைத்துப் போடுவது அப்பாவுக்கு மட்டுமான பதில் என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே படகுகள் வெளிக்கிடுகிற சத்தம் கேட்கிறது. அம்மா எழும்பி முன்வாசலுக்குப் போனார். லைற் ஆளியில் இடது கையை வைத்துக்கொண்டு, கடைசிப் படகு வளைவைத் திரும்பும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லைற்றை ஒரு தரம் அணைத்துப் போட்டார். கொஞ்ச நேரம் அது எரிந்தது. மறுபடியும் அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.)